கடைசி வரிசை, இடது பக்கம்

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருக்கும் ரூமில் ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே ட்யூப் லைட். இரண்டடுக்குக் கட்டில் மூன்று. அப்படிப்பட்ட ரூமில் ஒரு மனிதன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது அவன் கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரை மட்டும்தான். கம்பியில் வளையம் கோத்துப் பழைய பெட்ஷீட்டோ கைலியோ தொங்கவிட்டுக்கொள்வோம். என் கீழ்க்கட்டிலில் இருப்பவர் மதுரைப் பக்கத்து ஏசி மெக்கானிக். என்னைவிட இளையவர், வாய் மட்டும் மூத்தது. டூட்டி முடிந்து வந்து திரையை இழுப்பதற்கு முன் ரூமுக்கே அறிவிப்பார்: "நான் லீவுல போயாச்சு. யாரு தேடுனாலும் ஃப்ளைட் ஏறிட்டேன்னு சொல்லிருங்க."

என் கட்டில் மேலே, ட்யூப் லைட்டுக்கு நேராக. என் திரை ஒரு சாயம் போன கைலி. வெளிச்சம் அதைத் துளைத்துக்கொண்டு கண்ணில் விழும். ரோலாவில் துணிக்கடைக்கா பஞ்சம்? இறங்கித் தெருவைக் கடந்தால் கனமான துணி வாங்கிவிடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை, அடுத்த வெள்ளிக்கிழமை என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். இந்தச் சோம்பேறித்தனத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் செய்த காரியத்துக்கு ஏழ்மைதான் காரணம் என்று யாரும் இரக்கப்பட்டுவிடக் கூடாது.

எனக்கு பஸ் டிரைவர் வேலை. துபாயில் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் முப்பது சீட் வண்டி ஓட்டுகிறேன். ஜனவரி வந்தால் எங்களுக்கு ஜெர்மன்காரர் சீசன். அவர்கள் நாட்டில் மைதானமெல்லாம் பனி மூடிக் கிடக்கும், பந்தயங்களுக்குச் சில வாரம் விடுமுறை விடுவார்கள். அப்போது அங்கிருக்கும் கால்பந்து கிளப்புகள் இங்கே புல்தரை உள்ள ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்கு வரும். கிளப் வந்தால் பின்னாலேயே ரசிகர்களும் வருவார்கள். பயிற்சியைப் பார்க்க ஆறு மணி நேரம் விமானம் ஏறி வருகிறவர்கள் பெரும் பணக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்த்த கும்பலில் ஒருவர் பேக்கரிக்காரர், ஒருவர் குழாய் ரிப்பேர்காரர், ஒருவர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். வருட லீவைச் சேர்த்து வைத்து வந்தவர்கள். லீவு சேர்ப்பது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாதா? அங்கேயே அவர்கள் எனக்கு நெருக்கமாகிவிட்டார்கள்.

மொத்தம் பதினொரு பேர். தலைவர் அறுபது தாண்டியவர், ட்ராம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு காலையும் வண்டி கிளம்புவதற்கு முன்னும், போய்ச் சேர்ந்து இறங்குவதற்கு முன்னும் தலை எண்ணுவார். எண்ணி முடித்துப் "பன்னிரண்டு" என்று சத்தமாகச் சொல்வார். இரண்டாம் நாள் கேட்டேவிட்டேன். நாங்கள் பேசிய இங்கிலீஷை அப்படியே எழுதினால் இரண்டு பேருக்கும் மரியாதை இருக்காது, அதனால் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"பதினொரு பேர்தானே சார் இருக்கீங்க? பன்னிரண்டுங்கறீங்களே?"

"கடைசி வரிசை, இடது பக்கம். அவரு உக்காந்திருக்கறது தெரியலையா?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு நீளமான கான்வாஸ் பை சீட்டில் படுத்திருந்தது. பக்கத்தில் பேக்கரிக்காரர், ஒல்லியாக, நெட்டையாக, அதிகம் பேசாமல், ஒரு கையைப் பைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தையோடு பயணம் போகிறவர் உட்காருவது போல.

அன்றைக்கே பயிற்சி மைதானத்தில் அந்தப் பையிலிருந்து பேனர் வெளியே வந்தது. சிவப்பும் வெள்ளையும். எட்டு முழம் இருக்கும். நடுவில் ஒரு ட்ராம் வண்டி, இரண்டு பக்கமும் எழுத்து. எல்லாம் துணியை வெட்டி வைத்துத் தைத்தது. பெயிண்ட் கிடையாது. பேக்கரிக்காரர் இளவட்டமாக இருந்தபோது தன் அம்மாவின் தையல் மிஷினில் தைத்தாராம். வேலிக் கம்பியில் கட்டுவதற்கான துணிக்காதுகளையும் அவரேதான் தைத்திருக்கிறார். அவரைத் தவிர வேறு யாரும் அதைக் கட்டமாட்டார்கள், அவிழ்க்கமாட்டார்கள். ஊரில் அவர்கள் மைதானத்தில் வேலியின் ஒரே இடத்தில் முப்பது வருடமாக அது தொங்குகிறது என்றார் பெரியவர்.

பெரியவருக்கும் ஒரு வேலை இருந்தது. ஊரில் மேட்ச் நடக்கும்போது கைமைக்கைப் பிடித்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்று பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் அவர். எப்போது கை தட்ட வேண்டும், எப்போது குதிக்க வேண்டும், எப்போது அடக்கி முனக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையசைவில்.

"அப்போ மேட்ச் பாக்கறது எப்போ சார்?"

"முப்பது வருஷமா ஒரு கோலும் பாக்கல. முகத்தைத்தான் பாக்கறேன். எதிர்ல இருக்கறவன் வாய் பொளந்தா நாம கோல் போட்டாச்சு. கண்ணை மூடுனா அவங்க போட்டாங்க."

இப்படிப் பேசுகிற மனிதரை எனக்குப் பிடிக்காமல் போகுமா? மனிதர்கள் சொல்லும் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். அந்த ஒன்பது நாளில் அவருடைய பேச்சே நாலு ஷீட் வந்தது.

பிறகு பாட்டு. வண்டியின் ஸ்பீக்கரில் போனை மாட்டிவிட்டுப் பதினொரு பேரும் ஒன்றாகப் பாடுவார்கள். கல்யாண வீட்டிலும் திருவிழாக் கூடாரத்திலும் போடுகிற பாட்டுகள் ஒரு வகை. காதல், கடல், கோடைக்காலம் என்று சர்க்கரையாக இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர் அவற்றைக் கிண்டல் செய்துகொண்டே ஒரு வரி விடாமல் பாடுவார். இன்னொரு வகை, ஊர் உலகத்துக்குத் தெரிந்த பழைய மெட்டுகளை எடுத்து வார்த்தையை மாற்றி எதிர்க் கிளப்பை வம்புக்கு இழுப்பது. எதிராளியின் ஊரில் மாடு அதிகம், மூளை கம்மி என்கிற மாதிரி. இதெல்லாம் ஓடி முடிந்தால், கடைசியில் கிளப்பின் சொந்தப் பாட்டு வரும். அப்போது மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள். கழுத்துத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொள்வார்கள், வண்டிக்குள்ளேயே.

அதை எழுதியது பெரிய ஆள் யாரும் இல்லை. அந்த ஊர் மதுக்கடையில் சனிக்கிழமைகளில் வாசிக்கிற நாலு பேர். அர்த்தம் கேட்டேன். எங்கள் ஊரில் மழை அதிகம், வெற்றி குறைவு, ஆனாலும் அடுத்த வாரம் இதே இடத்தில்தான் நிற்போம் என்பதுதான் சாரம்.

"தோத்ததையா சார் பாட்டா வச்சிருக்கீங்க?"

"ஜெயிக்கற கிளப்புக்குப் பாட்டு எதுக்கு? அதான் கோப்பை இருக்கே."

அந்தப் பாட்டு எனக்குள் புகுந்துவிட்டது. காலையில் வண்டி கழுவும்போது வாய் தானாக முனகும். அவர்களிடம் வரிவரியாகக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அவர்கள் மொழியில் தொண்டைக்குள்ளிருந்து காறுவது போல ஒரு சத்தம் வரும். நம் எழுத்தில் அதற்கு இடமில்லை, அந்த இடங்களில் ஒரு நட்சத்திரம் போட்டுவைத்தேன். நான் முனகுவதை நாலாம் நாள் பெரியவர் கேட்டுவிட்டார். அன்றைக்குத் தலை எண்ணும்போது பன்னிரண்டு வந்ததும் நிறுத்தவில்லை. என் தலையில் கை வைத்துப் "பதிமூணு" என்றார். மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

கடைசி நாள் ஏர்போர்ட்டில் வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் சாமானை எடுக்க எழுந்தார்கள். நான் டிரைவர் மைக்கை எடுத்து அந்தப் பாட்டைப் பாடினேன். முழுப் பாட்டும். முதல் வரியில் சிரித்தார்கள், இரண்டாவது வரியில் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள், மூன்றாவது வரியில் சேர்ந்துகொண்டார்கள். குழாய்க்காரர் அழுதேவிட்டார். பின்னால் வேறு வண்டி ஹார்ன் அடித்தது. போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டி யல்லா, யல்லா, சீக்கிரம் கிளம்பு என்றார். ஒருவர் மாற்றி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவசரமாக இறங்கிப் போனார்கள். அதுவரை ஒரு நாளும் தவறாத எண்ணிக்கை அன்று விட்டுப்போனது. என் பாட்டினால்தான் விட்டுப்போனது.

மறுநாள் காலை யார்டில் வண்டியைக் கூட்டும்போது கடைசி வரிசையில், இடது பக்கம், சீட்டுக்கு அடியில் அந்தப் பை கிடந்தது.

வண்டியில் எது கிடந்தாலும் அன்றைக்கே ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. பெரியவரின் நம்பர் என் போனில் இருந்தது. இரண்டில் எதையும் நான் செய்யவில்லை. எங்கள் ஊரில் கூட்டம் முடிந்ததும் பேனரை யார் முதலில் அவிழ்க்கிறானோ அவனுக்கு அது. மாட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகும், நெல் காயப்போட விரிப்பாகும், யாரும் கேட்க மாட்டார்கள். விழா முடிந்தது, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மறு பாதி, பையைத் திறந்து துணியைத் தடவியபோது, இதில் வெளிச்சம் ஊடுருவாது என்று தோன்றியது.

தெருமுனையில் ஒரு பாகிஸ்தானி தையல்காரர் உண்டு. என் கட்டிலின் நீளத்துக்குப் பேனர் இரண்டு மடங்கு இருந்தது. நடுவில் வெட்டச் சொன்னேன். அவர் கத்திரியை வைத்துவிட்டு, "பாய், இது நல்ல கை வேலை, வெட்டணுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். "வெட்டு பாய், ஜல்தி" என்றேன். வெட்டு ட்ராம் வண்டியின் நடுவே போனது. முன்பாதி எனக்கு, பின்பாதியைக் கீழ்க்கட்டில் தம்பிக்குக் கொடுத்தேன். அவர் அதைத் தொங்கவிட்டு எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏண்ணே, டிரைவர் சீட்டு, ஹெட்லைட்டு எல்லாம் ஒங்களுக்கு. எனக்குப் பின்வாசல் மட்டுந்தானா? நான் எப்ப ஏறுறது, எப்ப ஊரு போய்ச் சேர்றது?"

ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த நாள் பெரியவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. துபாயில் ஒரு ஹோட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "மை ஃப்ரெண்ட், எங்க பேனரைக் காணோம். ஒன் வண்டியில இருக்கா? கொஞ்சம் பாரு. எங்களுக்கு அது ரொம்ப முக்கியம்." குரல் வேறு யாருடையது மாதிரியோ இருந்தது. ஒன்பது நாள் கேட்ட குரல் அது அல்ல.

ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை கலாஸ், டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும் இல்லை. இருக்கிறது, ஆனால் இரண்டு துண்டாக இருக்கிறது என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? இல்லை என்று சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது. டைப் செய்தேன்: இல்லை சார், வண்டி முழுக்கப் பார்த்தேன், எதுவும் இல்லை.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "நீ இல்லைன்னா இல்லைதான். நன்றி, மை ஃப்ரெண்ட்." கூடவே ஒரு சிவப்பு இதயம்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. துணி கனம், வெளிச்சம் உள்ளே வரவில்லை, ஒரு வருடம் நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

அடுத்த ஜனவரியில் ஆபீசில் கூப்பிட்டு, ஜெர்மன்காரர் ஒருவர் உன்னைத்தான் வேண்டும் என்று கேட்கிறார் என்றார்கள். ஹோட்டல் வாசலில் பெரியவர் நின்றிருந்தார். கூட குழாய்க்காரரும் ஆஸ்பத்திரிக்காரரும். அவ்வளவுதான். பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து, பையிலிருந்து ஒரு புதுக் கழுத்துத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். சிவப்பும் வெள்ளையும்.

முப்பது சீட் வண்டியில் மூன்று பேர். தலை எண்ணவில்லை. எண்ண என்ன இருக்கிறது?

"மத்தவங்கள்லாம் எங்க சார்? லீவு கெடைக்கலையா?"

"குழுவே இல்லப்பா இப்போ" என்றார் அவர். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "பேனர் போச்சுன்னா குழு போச்சு. எங்க பக்கத்துல அப்படித்தான். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கல. ஒரு நாள் எல்லாரும் உக்காந்து, கடைசியா ஒரு தடவை பாட்டைப் பாடிட்டு, எந்திரிச்சுட்டோம்."

 "ஒரு துணி தொலைஞ்சதுக்கா சார்?"

"எதிரி கிளப்காரன் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட, சண்டை போட்டுத் தோத்தோம்னு சொல்லிக்கலாம். இது எங்க கையால தொலைஞ்சது. ஏர்போர்ட்லதான் விட்ருப்போம்னு எல்லாரும் முடிவு பண்ணோம். பேக்கரிக்காரன் மட்டும் ஒத்துக்கல. பஸ்லதான் வச்சேன், கடைசி வரிசை, இடது பக்கம்னு சத்தியம் பண்ணான். நான் எந்திரிச்சுச் சொன்னேன், டிரைவர்ட்ட கேட்டாச்சு, அவன் இல்லைன்னுட்டான், நம்ம பாட்டை உக்காந்து மனப்பாடம் பண்ணிப் பாடுனவன் பொய் சொல்லமாட்டான்னு."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் பொய் சொல்றேனான்னு கேட்டான். யாரும் பதில் சொல்லல. கோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அன்னையிலிருந்து மைதானத்துக்கு வர்றதில்ல. நானும் அவன் கடையில ரொட்டி வாங்கறதில்ல. வேற தெருவுக்கு நடந்து போறேன்." ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன மை ஃப்ரெண்ட், திரும்ப வேண்டிய எக்ஸிட்டை விட்டுட்டியே."

அன்று ரூமுக்கு வந்ததும் என் திரையைக் கழற்றினேன். தம்பி டூட்டியிலிருந்து வரும்வரை காத்திருந்தேன்.

"தம்பி, அந்தத் துணியக் கொஞ்சம் குடு."

"எதுக்குண்ணே? என் பின்வாசல் மேலயும் கண்ணு வச்சிட்டீகளா?"

சொன்னேன். முழுதாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தவர் நடுவில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த ரொட்டிக் கடைக்காரரு என்னண்ணே ஆனாரு?"

"கடையோட சரியாம், மைதானத்துப் பக்கமே வர்றதில்லையாம்."

 அவர் தன் கட்டிலில் முட்டிபோட்டு வளையங்களை ஒவ்வொன்றாக உருவினார். மடிக்கும்போது சொன்னார்: "இதுல டீ கொட்டிப்புட்டேண்ணே, ஓரத்துல. தேச்சுப் பாத்தேன், போகல. தெரிஞ்சிருந்தா கொட்டிருக்க மாட்டேன்." தப்பு அவருடையது போல அவர் அதைச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

தையல்காரர் இரண்டு துண்டையும் மேஜையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். "வெட்டறதுக்கு முன்னாடியே கேட்டேன்ல பாய்?" என்றார். வெட்டிய விளிம்பை மடித்துத் தைத்திருந்ததால் இரண்டு பக்கமும் கொஞ்சம் துணி போயிருந்தது. எவ்வளவு சாமர்த்தியமாகத் தைத்தும், ட்ராம் வண்டி நடுவில் ஒரு ஜன்னல் குறைந்து குட்டையாகிவிட்டது.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் வெட்கமானது. தைத்த பேனரைப் பெரியவர் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய பையிலேயே போட்டு, வண்டியில் கடைசி வரிசையில், இடது பக்கம், சீட்டுக்கு அடியில் வைத்தேன். அவர்களே கண்டுபிடித்துவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். ஒரு வருடம் கழித்து, நடுவில் தையலோடு, அது தானாக அங்கே வந்து உட்காருமா? யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மூன்று பேரும் முன் சீட்டுகளிலேயே உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கண்ணாடியில் அந்த வரிசையையே பார்த்தபடி ஓட்டினேன்.

மூன்றாம் நாள் காலை, பயிற்சி மைதானத்துப் பார்க்கிங். மற்ற இருவரும் வேலிப்பக்கம் போய்விட்டார்கள். பெரியவர் செருப்பு வாரைச் சரிசெய்ய வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது இல்லையென்றால் இனி இல்லை என்று தோன்றியது. பின்னால் போய்ப் பையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

பையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. திறக்காமலே கொஞ்ச நேரம் கையை மேலே வைத்திருந்தார், பேக்கரிக்காரர் வைத்திருப்பாரே, அப்படி. பிறகு பிரித்தார். நடுத்தையல் வரை வந்ததும் நிறுத்தினார்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான் சார். ரூம்ல கட்டிலுக்குத் திரையா."

"நான் மெசேஜ் அனுப்பினப்போ இது எங்க இருந்துச்சு?"

"கட்டில்ல தொங்கிட்டிருந்துச்சு சார்."

கத்துவார், அடிப்பார், ஆபீசுக்குச் சொல்வார் என்றெல்லாம் இரண்டு நாள் என்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். அவர் விரலால் அந்தத் தையலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முப்பது வருடம் மேட்ச்சைப் பார்க்காமல் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். போனை எடுத்தார். ஒரு பெயரைத் தேட நேரம் பிடித்தது. கீழே, ரொம்பக் கீழே இருந்தது. அழைத்து ஸ்பீக்கரில் போட்டு, டேஷ்போர்டில் வைத்துவிட்டு, அவர் வண்டியைவிட்டு இறங்கிக்கொண்டார். படியருகே எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். பின்னால் ரேடியோவில் கூடாரப் பாட்டு ஒன்று கைதட்டலோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்காரர் கிண்டல் செய்துகொண்டே பாடுவாரே, அந்த வகை. பேக்கரிக்காரரின் குரல் தங்கள் மொழியில் ஏதோ கேட்டது. கடுப்பாகத்தான் இருந்தது.

"சார், நான் துபாய் பஸ் டிரைவர்" என்றேன்.

ரேடியோ நின்றது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பை வண்டியில் இருந்தது. நான் எடுத்துக்கொண்டேன். வெட்டினேன். கேட்டபோது இல்லை என்றேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஸாரி என்ற வார்த்தையை எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல அது வெறும் சத்தமாகிக்கொண்டே போனது.

 அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க இருந்துச்சு? வண்டியில, எந்த இடத்துல?"

"கடைசி வரிசை சார். இடது பக்கம். சீட்டுக்கு அடியில."

"இடது பக்கம்" என்றார் அவர்.

"ஆமா சார், இடது பக்கம்."

வாயைப் போனிலிருந்து திருப்பி, பக்கத்தில் யாரிடமோ அதையே அவர்கள் மொழியில் உரக்கச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். ஒரு பெண்குரல் ஏதோ கேட்டது, மறுபடி சொன்னார். பிறகு என்னிடம் வந்து, "தேங்க் யூ" என்றார். திட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் இறங்கி வந்தபோது பெரியவர் அதே இடத்தில் நின்றிருந்தார். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. எல்லாம் காதில் விழுந்திருக்கும். "அவன் கடை காலையில ஆறு மணிக்குத் திறப்பான்" என்று மட்டும் சொன்னார். என்னிடம் சொன்னது மாதிரியே இல்லை.

பேனரை அன்று வேலியில் கட்டவில்லை. கட்ட வேண்டிய ஆள் அங்கே இல்லை. மீதி நாட்கள் வண்டியில் பாட்டும் ஓடவில்லை. மற்ற இருவருக்கும் அவர் எப்போது சொன்னாரோ தெரியாது. குழாய்க்காரர் காலையில் ஏறும்போது "குட் மார்னிங்" சொல்வதை நிறுத்தியதிலிருந்து புரிந்துகொண்டேன். ஆபீசுக்கு எந்தப் புகாரும் போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடைசி நாள் ஏர்போர்ட்டில் வண்டியை நிறுத்தினேன். பெரியவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பின்னால் திரும்பி எண்ணினார். குழாய்க்காரர் ஒன்று, ஆஸ்பத்திரிக்காரர் இரண்டு, தன் நெஞ்சைத் தொட்டு மூன்று, தோளில் தொங்கிய பையைத் தொட்டு "நாலு" என்றார். அவர் கை பையின் மேலேயே நின்றுவிட்டது. என் தலை பக்கத்தில்தான் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திற என்பதுபோல் அவர் கண்ணாடியைத் தட்டினார். திறந்தேன்.

அவர் கொடுத்த கழுத்துத் துண்டு என் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. கழுத்தில் போட்டுக்கொண்டதில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. தம்பி புதுத்துணி வாங்கித் தன் கட்டிலுக்குத் திரை போட்டுக்கொண்டார். எனக்கும் சேர்த்து வாங்கி வந்து, "லைட்டு மூஞ்சியில அடிக்குதேண்ணே, இதயாச்சும் போடுங்க" என்றார். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் பெரியவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை, இதயமும் இல்லை. அவர்கள் ஊர் மைதானம், மேட்ச் நாள், கூட்டம். வேலி நெடுக மற்றக் குழுக்களின் பேனர்கள் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. நடுவில் ஓரிடம் மட்டும் வெறும் கம்பியாக இருக்கிறது. அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, விட்டுவைத்திருக்கிறார்கள். வெற்றிடத்துக்குப் பின்னால் இரண்டு பேர் கையை வேலியில் ஊன்றி நிற்கிறார்கள். ஒருவர் பெரியவர், மைதானத்தைப் பார்த்தபடி. இன்னொருவர் நெட்டையாக, ஒல்லியாக இருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதில் டைப் செய்தேன், அழித்தேன். மறுபடி டைப் செய்தேன், அழித்தேன். அந்த வெறும் கம்பி எட்டு முழம் இருக்கும். அளந்து, நடுவில் வெட்டச் சொன்னவன் நான்தானே.